நிஃப்டி ஃபியூச்சரில் தினமும் 25 ரவுண்ட்: புரோக்கரேஜை மிச்சம் பிடிக்க என்எஸ்இ மெம்பர்ஷிப் எடுக்கலாமா?

திருப்பூர்_ஸ்கால்ப்பர்

வணக்கம். நான் டிரேட் செய்வது நிஃப்டி ஃபியூச்சர், அன்றே எடுத்து அன்றே முடிக்கும் இன்ட்ராடே மட்டும். ஒரு தடவைக்கு 2 லாட், நாளுக்குச் சராசரியாக 25 ரவுண்ட் (வாங்கி விற்பது ஒரு ரவுண்ட்). டிஸ்கவுன்ட் புரோக்கர், ஆர்டருக்கு 20 ரூபாய். வருஷத்துக்கு 248 சந்தை நாள் என்று வைத்தால் புரோக்கரேஜும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து 2.93 லட்சம் போகிறது.

கேட்க நினைப்பது இதுதான். சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்து, என்எஸ்இ-யில் (தேசியப் பங்குச் சந்தை) டிரேடிங் மெம்பர் ஆகி, ப்ரோ கணக்கில் (மெம்பரின் சொந்தப் பணத்தில் நடக்கும் கணக்கு) மட்டும் டிரேட் செய்தால் கட்டுபடியாகுமா? கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? அமெரிக்க ஃபியூச்சர் டிரேடர்கள் சிகாகோவில் ஒரு 'சீட்'டை மாத வாடகைக்கு எடுத்துக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். அந்த மாதிரி இங்கே எதுவும் உண்டா? ரெண்டும் சரிப்படாது என்றால் செலவைக் குறைக்க வேறு என்ன வழி?

எல்லோரும் ஒரே அடிப்படையில் பேச வசதியாக: 2025-ல் இருந்த விகிதங்கள், நிஃப்டி 25,000, லாட் அப்போதைய 75 யூனிட்.

---

ஒப்பந்தக்குறிப்பு

மெம்பர்ஷிப் பேச்சுக்குப் போகும் முன் உங்கள் ஒரு ரவுண்டைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன். 2 லாட் என்றால் 150 யூனிட். ஒரு பக்கம் 37,50,000 ரூபாய், இரு பக்கமும் சேர்த்து டர்னோவர் 75,00,000.

புரோக்கரேஜ், 20 + 20: 40.00
எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி), விற்கும் பக்கம் மட்டும் 0.02%: 750.00
என்எஸ்இ பரிவர்த்தனைக் கட்டணம், இரு பக்கமும் 0.00173%: 129.75
முத்திரைத் தீர்வை, வாங்கும் பக்கம் மட்டும் 0.002%: 75.00
செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) கட்டணம், கோடிக்கு 10 ரூபாய்: 7.50
ஜிஎஸ்டி (புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச், செபி மூன்றின் மேலும் 18%): 31.91
மொத்தம்: 1,034.16

150-ஆல் வகுத்தால் 6.89 பாயின்ட். வாங்கிய விலைக்கு மேல் ஏழு பாயின்ட் நகர்ந்தால்தான் உங்களுக்கு முதல் ரூபாய்.

இதில் எஸ்டிடி மட்டுமே 72.5%. புரோக்கரேஜ், ஜிஎஸ்டியோடு 47.20, அதாவது 4.6%. வருஷக் கணக்கில் பார்த்தால் மொத்தச் செலவு 64 லட்சத்துச் சொச்சம், அதில் எஸ்டிடி 46.5 லட்சம். நீங்கள் குறைக்கப் பார்ப்பது அந்த 2.93 லட்சத்தை. மெம்பர் ஆனாலும் எஸ்டிடி, முத்திரை, செபி கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம் நாலும் அப்படியே நிற்கும். சட்டப்படி ப்ரோ கணக்குக்கு எஸ்டிடி விலக்கு எதுவும் கிடையாது.

2024 செப்டம்பர் வரை கதை கொஞ்சம் வேறு. அப்போது எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஸ்லாப் முறையில் இருந்தது. மாத டர்னோவர் ஏற ஏற மெம்பருக்கு விகிதம் இறங்கும், ஆனால் வாடிக்கையாளரிடம் மேல் ஸ்லாப் விகிதத்தையே வாங்குவார்கள். நடுவில் நிற்கும் வித்தியாசம் புரோக்கருக்கு. 2024 ஜூலை 1 செபி சுற்றறிக்கை இதற்கு முடிவு கட்டியது. அக்டோபர் 1 முதல் ஃபியூச்சருக்கு லட்சத்துக்கு 1.73 ரூபாய், சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் ஒரே விலை. மெம்பர்ஷிப்பில் இருந்த இரண்டாவது ஆதாயம் அன்றோடு போயிற்று. அதே அக்டோபர் 1-ல்தான் எஸ்டிடியும் 0.0125%-லிருந்து 0.02% ஆனது. உங்கள் ரவுண்டுக்கு 468.75 ஆக இருந்தது 750 ஆகிவிட்டது. ஒரே நாளில் கூடிய 281 ரூபாய், உங்கள் புரோக்கரேஜைப் போல ஆறு மடங்கு.

இன்னும் சதவீதக் கணக்கில் புரோக்கரேஜ் கொடுப்பவர்கள் இதைப் படித்தால்: பேரம் பேசி 0.01%-க்கு இறக்கியிருந்தாலும் இதே ரவுண்டுக்கு 750 ரூபாய், ஜிஎஸ்டியோடு 885. அவர்களுக்குப் புரோக்கரேஜும் எஸ்டிடி அளவுக்கு ஒரு பூதம். ஜெரோதா, அப்ஸ்டாக்ஸ், குரோ, ஏஞ்சல் ஒன் மாதிரி 20 ரூபாய்க் கடைகளில் இருப்பவர்களுக்கு அந்தப் பிரச்சினை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு நாள் கான்ட்ராக்ட் நோட்டை எடுத்து, 'எக்ஸ்சேஞ்ச் டிரான்சாக்ஷன் சார்ஜ்' வரியை ஃபியூச்சர் டர்னோவரால் வகுத்துப் பாருங்கள். 0.00173%-க்கு மேல் கண்ணில் படும்படி வந்தால் புரோக்கரிடம் எழுதிக் கேளுங்கள். 'கிளியரிங் சார்ஜ்', 'இதர கட்டணம்' என்று தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். 20 ரூபாய் என்று விளம்பரம் செய்துவிட்டு அங்கே கோடிக்கு இவ்வளவு என்று எடுப்பவர்கள் உண்டு. நாளுக்கு 18.75 கோடி டர்னோவர் செய்பவருக்கு அந்த வரி லேசுப்பட்டதில்லை.

---

கிளியரிங்_மேசை

மெம்பர்ஷிப் பற்றி நான் சொல்கிறேன்.

என்எஸ்இ-யில் சீட் என்று ஒன்று கிடையாது. 1994-ல் வர்த்தகம் தொடங்கியபோதே எக்ஸ்சேஞ்சின் உரிமை வேறு, டிரேட் செய்யும் உரிமை வேறு என்று பிரித்துத்தான் கட்டினார்கள். மெம்பர்ஷிப் என்பது டெபாசிட் கட்டி, தகுதி காட்டி, செபி பதிவு வாங்குவது. அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியாது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதிலேயே முடிந்தது.

செபி வைத்திருக்கும் அடிப்படை நிகர மதிப்பு: டிரேடிங் மெம்பருக்கு 1 கோடி, தன் டிரேடைத் தானே கிளியர் செய்யும் (வாங்கி விற்ற கணக்கை எக்ஸ்சேஞ்சோடு தீர்க்கும்) செல்ஃப் கிளியரிங் மெம்பருக்கு 5 கோடி, கிளியரிங் மெம்பருக்கு 15 கோடி, புரொஃபஷனல் கிளியரிங் மெம்பருக்கு 50 கோடி. உங்களுக்கு முதல் வகைதான் பொருந்தும். அது எடுத்தால் ஒரு கிளியரிங் மெம்பரோடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும்.

நிகர மதிப்பு போக அடிப்படை மூலதனம் என்று ஒரு டெபாசிட். ப்ரோ மட்டும், அல்கோ (தானியங்கி ஆர்டர்) இல்லை என்றால் 10 லட்சம். அல்கோ இருந்தால் 50 லட்சம். இந்தப் பணத்தின் மேல் பொசிஷன் எடுக்க முடியாது, சும்மா கிடக்கும். இதுபோக எக்ஸ்சேஞ்சின் சேர்க்கைக் கட்டணம், வட்டியில்லா டெபாசிட், ஆண்டுச் சந்தா இருக்கிறது. செக்மென்டைப் பொறுத்து மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்று என்எஸ்இ தளத்தில் உள்ள அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

ஆட்கள்: அனுபவமுள்ள இரண்டு டெசிக்னேட்டட் டைரக்டர்கள். டெரிவேட்டிவ்ஸ் டெர்மினலில் உட்காருபவருக்கு என்ஐஎஸ்எம் (செபியின் பயிற்சி நிறுவனம்) எட்டாம் வரிசைத் தேர்வு (100 கேள்வி, 60% தேர்ச்சி, தப்பான விடைக்கு 25% கழியும், சான்று 3 வருஷம் செல்லும்). கம்ப்ளையன்ஸ் அதிகாரி ஒருவர், அவருக்கு 3ஏ வரிசை. அரையாண்டுக்கொரு நிகர மதிப்புச் சான்று, சிஸ்டம் ஆடிட், 2024-ல் செபி கொண்டுவந்த சைபர் பாதுகாப்புச் சட்டகத்தின் வேலைகள், லைன், டெர்மினல் மென்பொருள் வாடகை. எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாலும் வருஷச் செலவு 12 லட்சத்துக்குக் கீழே நான் போட மாட்டேன். மதிப்பீடுதான், ஊருக்கு ஊர் மாறும்.

1 கோடிக்கு 7% வட்டி இழப்பு 7 லட்சம், 10 லட்சம் டெபாசிட்டுக்கு 70,000. ஆக 19.7 லட்சம். ஒரு ரவுண்டில் மிச்சமாகும் 47.20-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 41,700 ரவுண்ட், நாளுக்கு 168. நீங்கள் 25-ல் இருக்கிறீர்கள்.

---

ஒப்பந்தக்குறிப்பு

@கிளியரிங்_மேசை ஒரு திருத்தம். நிகர மதிப்பு என்பது எங்கேயும் கட்டி வைக்கும் பணமில்லையே. பேலன்ஸ் ஷீட்டில் காட்ட வேண்டிய தொகை. அந்த 1 கோடியை லிக்விட் ஃபண்டாகவோ அரசுப் பத்திரமாகவோ வைத்து மார்ஜினுக்கு (பொசிஷன் எடுக்க வைக்கும் ஈட்டுத்தொகை) கொடுக்கலாம், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். இவர் இப்போதும் மார்ஜினுக்குப் பணம் வைத்துத்தானே இருக்கிறார்? 7 லட்சத்தை முழுசாக மெம்பர்ஷிப் தலையில் கட்டக் கூடாது. அதை எடுத்துவிட்டால் 12.7 லட்சம், நாளுக்கு 108 ரவுண்ட்.

---

கிளியரிங்_மேசை

சரி, ஒப்புக்கொள்கிறேன், பெரும்பகுதி உண்மை. ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. கணக்கிடும் முறையில் நிலையான சொத்து, அடகு வைத்த பத்திரம், முன்பணமாகக் கட்டிய செலவு எல்லாம் கழியும், சந்தையில் விற்கக்கூடிய பத்திரங்களிலும் 30% வெட்டு விழும். அதனால் சரியாக 1 கோடி வைத்துக்கொண்டு 1 கோடி காட்ட முடியாது. இன்னொன்று, டிரேடிங் நஷ்டம் நேராக நிகர மதிப்பைத் தின்னும். ஒரு மோசமான மாதத்தில் கோடிக்குக் கீழே போனால் அடுத்த சான்றுக்குள் பணம் போட்டு ஏற்ற வேண்டும். நடைமுறையில் ஒன்றரைக் கோடி இல்லாமல் இறங்கினால் மூச்சுத் திணறும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று, யாரும் இன்னும் தொடவில்லை. கிளியரிங் மெம்பர் சும்மா கிளியர் செய்து தர மாட்டார். அவர் கட்டணம் ஆர்டர் கணக்கில் வராது, டர்னோவர் கணக்கில் வரும். கோடிக்கு இத்தனை ரூபாய் என்று பேசி முடிவாகும். இவர் இன்று கொடுக்கும் 40 ரூபாயை 75 லட்சம் டர்னோவரால் வகுத்துப் பாருங்கள். கோடிக்கு 53 ரூபாய்தான் வருகிறது. கிளியரிங் கட்டணம் பேச்சுக்கு 50 ரூபாய் என்று வைத்தால், வருஷ டர்னோவர் 4,650 கோடிக்கு 2,32,500, ஜிஎஸ்டியோடு 2,74,350. மிச்சம் பிடிக்க நினைத்தது 2.93 லட்சம்! ஆபீஸ் வாடகை கொடுக்கும் முன்பே சேமிப்பு காலி.

லாட் கூடக் கூட இது இன்னும் மோசமாகும். 10 லாட் போடுபவருக்கு 20 ரூபாய் ஆர்டர் என்பது கோடிக்கு 10.67 ரூபாய்தான். அந்த விலைக்குக் கிளியரிங் கிடைப்பதே பெரிய இடங்களுக்கு. ஆர்டருக்கு இவ்வளவு என்ற கட்டணம், பெரிய ஆர்டர் போடும் ஃபியூச்சர் டிரேடருக்குக் கிட்டத்தட்ட இலவசம். ஒரே எல்லை, 2025-ல் நிஃப்டியில் ஒரு ஆர்டருக்கு உச்ச அளவு 1,800, அதாவது 24 லாட். அதற்கு மேல் போட்டால் ஆர்டர் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் தனி 20 ரூபாய். ஐஸ்பெர்க் ஆர்டர் (பெரிய ஆர்டரைத் துண்டு துண்டாகப் போடுவது) வைப்பவர்களும் கவனிக்கவும், ஒவ்வொரு துண்டும் தனி ஆர்டர்தான்.

அப்புறம் யார்தான் மெம்பர்ஷிப் எடுக்கிறார்கள் என்றால், கோ-லொகேஷனில், அதாவது எக்ஸ்சேஞ்சின் இடத்திலேயே மெஷின் வைத்து நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஆப்ஷன் ஆர்டர் போடுபவர்கள். அவர்களுக்கு ஆர்டருக்கு 20 ரூபாய் கொல்லும். வேகமும் வேண்டும். நீங்கள் அந்த ரகமில்லை.

---

சிங்கைச்சந்தை

சிகாகோ பற்றி. அங்கே செலவின் அமைப்பே வேறு என்பதால் அந்த ஊர் யோசனையை இங்கே அப்படியே போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

சிஎம்இ-யில் (சிகாகோ ஃபியூச்சர் எக்ஸ்சேஞ்ச்) மெம்பர்ஷிப் பிரிவு பிரிவாக இருக்கிறது: சிஎம்இ முழு சீட், ஐஎம்எம், ஐஓஎம், ஜிஇஎம். இ-மினி எஸ்&பி (அமெரிக்க இண்டெக்ஸ் ஃபியூச்சர்) டிரேட் செய்ய ஐஓஎம் போதும். சோளம், சோயா வேண்டும் என்றால் சிபிஓடி-யின் சீட், கச்சா எண்ணெய்க்கு நைமெக்ஸ், தங்கத்துக்குக் கோமெக்ஸ். சீட் வைத்திருப்பவர் அதை மாத வாடகைக்கு விடலாம். வாடகைக்கு எடுத்தவருக்கு வெளியாரை விடக் குறைந்த எக்ஸ்சேஞ்ச் கட்டணம். சொந்த சீட்டுக்காரருக்கு அதைவிடக் குறைவு.

இ-மினியில் வெளியாருக்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணம் ஒரு பக்கத்துக்கு 1.38 டாலர். என்எஃப்ஏ-வுக்கு (அமெரிக்க ஃபியூச்சர் ஒழுங்குமுறை அமைப்பு) 2 சென்ட். அதன் மேல் புரோக்கர் கமிஷன். அவ்வளவுதான், எஸ்டிடி மாதிரி ஒன்று கிடையாது. ஆகச் செலவில் பெரிய வரி எக்ஸ்சேஞ்ச் கட்டணம், சீட் அதைத்தான் வெட்டுகிறது. கணக்கும் சுலபம். மாத வாடகையை ஒரு பக்கத்தில் மிச்சமாகும் தொகையால் வகுத்தால் எத்தனை பக்கம் டிரேட் செய்தால் கட்டுபடியாகும் என்று தெரிந்துவிடும். உதாரணத்துக்கு வாடகை 600 டாலர், மிச்சம் 80 சென்ட் என்றால் மாதம் 750 பக்கம், 375 ரவுண்ட். ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டாலும் வாடகை ஓடும், அதைக் கணக்கில் சேர்க்க மறப்பார்கள். மைக்ரோ ஒப்பந்தம் டிரேட் செய்பவர்களும் ஒப்பந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். மைக்ரோவில் கட்டணமே சிறியது, மிச்சமும் அதற்கேற்பச் சிறியது. சலுகை விலை சொந்தக் கணக்குக்கு மட்டும் என்பதால் நண்பரின் கணக்கை அதில் ஓட்ட முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க: எஸ்&பி 6,000-ல் இருந்தால் ஒரு இ-மினி 3 லட்சம் டாலர். ரவுண்டுக்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 2.76 டாலர். இந்திய எஸ்டிடி விகிதம் அங்கே இருந்தால் அது மட்டுமே 60 டாலர் ஆகியிருக்கும்.

'அப்போ சிஎம்இ-யிலேயே டிரேட் செய்கிறேன்' என்று இந்தியாவில் வசிப்பவர் கிளம்ப முடியாது. எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியாக அனுப்பும் பணத்தை வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் மார்ஜினுக்குக் கட்ட அனுமதியில்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் நடக்கும் கிஃப்ட் நிஃப்டி (2023 ஜூலை 3 முதல், முன்பு எஸ்ஜிஎக்ஸ் நிஃப்டி) எஸ்டிடியும் முத்திரையும் இல்லாத இடம். ஒப்பந்தம் 2 டாலர் பெருக்கல் இண்டெக்ஸ், 25,000-ல் 50,000 டாலர். எங்களைப் போல் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் என்ஆர்ஐ-களுக்குச் சரி. திருப்பூரில் இருந்துகொண்டு முடியாது.

---

திருப்பூர்_ஸ்கால்ப்பர்

கண்ணைத் திறந்துவிட்டீர்கள் எல்லோரும், நன்றி. சரி, மெம்பர்ஷிப் கனவைக் கட்டி வைத்துவிட்டேன்.

இரண்டு கிளைக் கேள்வி. சப்-புரோக்கர், அதாவது ஆத்தரைஸ்டு பர்சன் ஆகி, என் கணக்கையே என் கீழே வைத்துப் புரோக்கரேஜில் பங்கு வாங்கினால்? இன்னொன்று, இங்கே ஒரு மெம்பர் ஆபீஸில், '10 லட்சம் டெபாசிட் கொடுங்கள், எங்கள் ப்ரோ கோடில் டெர்மினல் தருகிறோம், புரோக்கரேஜ் கிடையாது, மார்ஜின் நாலு மடங்கு, லாபத்தில் 80 உங்களுக்கு 20 எங்களுக்கு' என்கிறார்கள். பெயர் போட விரும்பவில்லை. இது சரியா?

---

கிளியரிங்_மேசை

ஆத்தரைஸ்டு பர்சன் என்பது வாடிக்கையாளர் பிடித்துத் தருபவருக்கான ஏற்பாடு. பதிவு எக்ஸ்சேஞ்சில் நடக்கும். ஒரு எக்ஸ்சேஞ்சில் ஒரு புரோக்கரின் கீழ் மட்டுமே இருக்க முடியும். சொந்தக் கணக்கின் புரோக்கரேஜில் பங்கு தர முடியாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் இடங்கள் நிறைய. கிடைத்தாலும் 40 ரூபாயில் பாதி, 20. உங்கள் 1,034-ல் 20 ரூபாயைப் பிடிக்க ஆபீஸ் பலகை மாட்டி, பரிசோதனைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம்.

இரண்டாவதைத் தொடவே தொடாதீர்கள். ப்ரோ கோடில் நடப்பது மெம்பரின் சொந்தப் பணத்தில் சொந்த ரிஸ்க்கில் நடக்க வேண்டிய டிரேட். வெளியாரிடம் டெபாசிட் வாங்கிக்கொண்டு அந்த கோடில் டிரேட் செய்ய விடுவதே மீறல். எக்ஸ்சேஞ்ச் கண்ணில் நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. கான்ட்ராக்ட் நோட் உங்கள் பெயரில் வராது, என்எஸ்இ-யிலிருந்து எஸ்எம்எஸ் வராது. நாளை அந்த ஆபீஸ் பூட்டினால் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கேட்க உங்களுக்கு எந்த ஆதாரமும் இல்லை, 10 லட்சம் வெறும் கைமாற்று. லாபத்தில் 20 கொடுத்துவிட்டு மிச்சம் பிடிப்பதும் ரவுண்டுக்கு அதே 47.20-தான். எஸ்டிடி அங்கேயும் விழும், உங்கள் கணக்கில் கழித்துவிட்டுத்தான் லாபம் பிரிப்பார்கள்.

---

ஸ்ட்ரைக்_பெசன்ட்நகர்

செலவைக் குறைக்க வேறு வழி கேட்டிருந்தார். யாரும் சின்தெடிக் (ஆப்ஷன்களைச் சேர்த்து ஃபியூச்சர் போல ஆக்குவது) பற்றிப் பேசவில்லையே?

ஃபியூச்சரில் எஸ்டிடி ஒப்பந்தத்தின் முழு மதிப்பின் மேல் விழுகிறது. ஆப்ஷனில் பிரீமியத்தின், அதாவது ஆப்ஷன் விலையின் மேல் மட்டும் (விற்கும்போது, 2025-ல் 0.1%). ஒரே ஸ்ட்ரைக்கில் (ஆப்ஷனில் குறித்த விலை) கால் (வாங்கும் உரிமை) வாங்கி புட் (விற்கும் உரிமை) விற்றால் அது லாங் ஃபியூச்சர்தான். காமா ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், டெல்டா 1-லேயே நிற்கும், அதாவது இண்டெக்ஸோடு ஒன்றுக்கு ஒன்று நகரும். ஷார்ட்டுக்கு இதன் தலைகீழ்.

ஏடிஎம் (இண்டெக்ஸ் இருக்கும் இடத்தை ஒட்டிய ஸ்ட்ரைக்) கால், புட் இரண்டும் 150 ரூபாய் என்று வைத்து, உங்கள் அதே 150 யூனிட்டுக்கு ஒரு ரவுண்ட்: நாலு ஆர்டர், புரோக்கரேஜ் 80. எஸ்டிடி, விற்கும் இரண்டு ஆர்டர்களின் 45,000 ரூபாய்க்கு 45. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் மொத்தப் பிரீமியம் 90,000-க்கு 0.03503%, 31.53. முத்திரை 1.35, செபி கட்டணம் 9 பைசா. ஜிஎஸ்டி 20.09. மொத்தம் 178 ரூபாய், 1.19 பாயின்ட். உங்கள் 6.89 எங்கே, இது எங்கே! வருஷக் கணக்கில் பேப்பரில் 53 லட்சம் வித்தியாசம்.

பேப்பரில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபியூச்சரில் ஒரு ஸ்ப்ரெட்டை (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி) தாண்டுகிறீர்கள், இங்கே இரண்டை. உள்ளே வெளியே சேர்த்து நாலு ஆர்டருக்கும் அரை அரைப் பாயின்ட் கூடப் போனால் 2 பாயின்ட் காலி. அப்போதும் 3.7 மிச்சம். ஆனால் வேகமாக ஓடும் நேரத்தில் அரைப் பாயின்டில் நிற்காது. லிமிட் ஆர்டர் வைத்து ஒரு லெக் (ஜோடியில் ஒரு பாதி) ஃபில் ஆகி இன்னொன்று தொங்குவதுதான் நிஜமான ஆபத்து. புட் விற்று கால் கிடைக்காமல் சந்தை கீழே விழுந்தால் நிற்பது நேக்கட் ஷார்ட், ஈடு இல்லாத விற்பனை. அதனால் முதலில் வாங்கும் லெக்கை அடியுங்கள், பிறகு விற்கும் லெக்கை. வெளியே வரும்போது முதலில் ஷார்ட்டை மூடுங்கள். பாஸ்கெட் ஆர்டரில் இந்த வரிசையிலேயே போட்டு, லிமிட் விலையை எதிர்ப்பக்கத்து விலையைத் தாண்டி ஒன்றிரண்டு ரூபாய் தள்ளி வைத்தால் பெரும்பாலும் ஒரே மூச்சில் முடியும்.

ஸ்ட்ரைக்கை விட்டு இண்டெக்ஸ் 200 பாயின்ட் தள்ளிப் போய்விட்டால் ஐடிஎம் (உள்ளார்ந்த மதிப்புள்ள) பக்கம் போன லெக்கின் ஸ்ப்ரெட் அகலமாகும். அடுத்த என்ட்ரியைப் புது ஏடிஎம்-மில் எடுங்கள், பழைய ஸ்ட்ரைக்கையே பிடித்துத் தொங்க வேண்டாம். பிரீமியம் பெருத்தால் எஸ்டிடியும் பெருக்கும், ஏடிஎம்-மில் இருக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

மார்ஜின் ஃபியூச்சரை ஒட்டியே கேட்கும், மிச்சமில்லை. எக்ஸ்பைரி நாளில் (2025 செப்டம்பர் முதல் நிஃப்டி வாராந்திரம் செவ்வாய்க்கிழமை) அன்று முடியும் ஷார்ட் ஆப்ஷனுக்கு 2% கூடுதல் மார்ஜின், உங்கள் 2 லாட்டுக்கு 75,000. செவ்வாயன்று அடுத்த வார ஒப்பந்தத்துக்கு மாறினால் அது வராது. வாங்கிய ஆப்ஷனை ஐடிஎம்-மில் எக்ஸ்பைரி வரை விட்டால் உள்ளார்ந்த மதிப்பின் மேல், 2025 விகிதப்படி, 0.125% எஸ்டிடி. இன்ட்ராடே ஆளுக்கு அது வராது, மூட மறக்காதவரை.

புரோக்கரேஜ் உண்மையில் கடிப்பது இங்கேதான். 178-ல் ஜிஎஸ்டியோடு 94.40 புரோக்கரேஜ், பாதிக்கு மேல். ஆர்டருக்கு 10 ரூபாய் வாங்கும் புரோக்கர் கிடைத்தால் ஃபியூச்சரில் உங்களுக்கு 0.16 பாயின்ட்தான் மிச்சம், சின்தெடிக்கில் செலவில் கால்வாசி குறையும். புரோக்கர் மாற்றுவதானால் இந்த வழிக்கு வந்த பிறகு மாற்றுங்கள்.

---

திருப்பூர்_ஸ்கால்ப்பர்

இது நான் யோசிக்கவே இல்லை. ஒரு லாட்டில் பழகிப் பார்க்கிறேன். கச்சா எண்ணெய்க்குப் போனால் செலவு குறையுமா?

---

ஒப்பந்தக்குறிப்பு

விகிதத்தில் பெரிய வித்தியாசமில்லை. எம்சிஎக்ஸ் (சரக்கு எக்ஸ்சேஞ்ச்) கச்சா ஒரு லாட் 100 பீப்பாய், 5,500 ரூபாயில் 5.5 லட்சம். சிடிடி (சரக்குக்கான எஸ்டிடி) 0.01% என்பதால் 55 ரூபாய், எக்ஸ்சேஞ்ச் கட்டணம் லட்சத்துக்கு 2.10 என்று 23.10, முத்திரை 11, செபி 1.10, புரோக்கரேஜ் 40, ஜிஎஸ்டி 11.56. மொத்தம் 141.76, பீப்பாய்க்கு 1.42 ரூபாய். ஒப்பந்த மதிப்பில் 0.026%, நிஃப்டியில் உங்களுக்கு 0.028%. ஆனால் லாட் சின்னது என்பதால் புரோக்கரேஜின் பங்கு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. ஒரு லாட்டாக அடிப்பவருக்கு 20 ரூபாய் அங்கே உறைக்கும். நாலைந்து லாட்டாகப் போட்டால் விகிதம் சரசரவென்று இறங்கும்.

பிஎஸ்இ சென்செக்ஸ் ஃபியூச்சருக்கு எக்ஸ்சேஞ்ச் கட்டணமே இல்லை என்று யாராவது சொல்வார்கள். சரிதான், ஆனால் ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள். நிஃப்டி கணக்கில், ஜிஎஸ்டியோடு மிச்சமாகும் ஒரு பாயின்ட்டை ஸ்ப்ரெட் விழுங்கிவிடும்.

---

ஆடிட்டர்_மயிலை

கம்பெனி ஆரம்பிப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மெம்பர்ஷிப்பையும் கம்பெனியையும் சேர்த்தே கேட்டிருக்கிறார். இரண்டும் தனித்தனி. சாதாரண பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரிலேயே டிரேடிங் கணக்கு திறக்கலாம், மெம்பர் ஆக வேண்டியதில்லை. 22% திட்டத்தில் கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17%. தனிநபர் மேல் ஸ்லாபில் செஸ்ஸோடு 31.2%, சர்சார்ஜ் தனி. ஆனால் கம்பெனியிலிருந்து டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி. லாபத்தை உள்ளேயே வைத்து டிரேட் செய்பவருக்குத்தான் அர்த்தமுண்டு.

ஃபியூச்சர் லாபம் ஊக வணிகமல்லாத தொழில் வருமானம். எஸ்டிடி உட்பட மேலே சொன்ன எல்லா வரிகளும் செலவாகக் கழியும், 46.5 லட்சமும். 30% ஸ்லாபில் இருந்தால் அதில் பத்தில் மூன்று பங்கு அந்த வழியில் திரும்பி வருகிறது, லாபம் இருந்தால். ஜிஎஸ்டிக்கு மட்டும் உள்ளீட்டு வரவு கிடைக்காது. பங்கு, டெரிவேட்டிவ் எல்லாம் ஜிஎஸ்டி சட்டத்தில் சரக்குமில்லை சேவையுமில்லை, உங்களுக்கு வெளியீட்டு வரி இல்லாதபோது வரவு வைக்க இடமில்லை. மெம்பர் கம்பெனி ப்ரோவில் டிரேட் செய்தாலும் இதே நிலைதான். அதனால் மேலே எல்லோரும் ஜிஎஸ்டியைச் செலவாகவே சேர்த்தது சரி.

ஆடிட்டுக்கு டர்னோவர் என்பது 4,650 கோடி இல்லை, பயப்பட வேண்டாம். ஒவ்வொரு டிரேடின் லாபத்தையும் நஷ்டத்தையும் பிளஸ், மைனஸ் பார்க்காமல் கூட்டிய தொகை. ரொக்கப் புழக்கம் 5%-க்குள் இருந்தால் வரம்பு 10 கோடி. முன்பு 44ஏடி-யில் (டர்னோவரில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் திட்டம்) காட்டிவிட்டு வெளியே வந்தவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் கேட்கவும். சின்தெடிக் போகும்போது இந்தத் தொகை கூடும், ஏனென்றால் ஒரு லெக் லாபம் ஒரு லெக் நஷ்டம் என்று இரண்டும் கூட்டலில் சேரும். புரோக்கர் தரும் டாக்ஸ் பி&எல் அறிக்கையில் காலாண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணைப் பாருங்கள்.